கேளுங்க, சொல்றேன்: காமெடி குறும்படமும் நகைச்சுவைக் கதையும்

போன இதழ்ல காமெடி குறும்படம் எடுக்கறவங்க, நகைச்சுவைக் கதை எழுதறவங்க கேள்வி அனுப்பலாம்னு சொல்லியிருந்தேன். நிறைய வந்துச்சு, ரொம்ப சந்தோஷம். ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேர்த்து ஏழு கேள்வியா எடுத்திருக்கேன். நான் மதுரைல ஸ்கூல் டீச்சர், சனி ஞாயிறுல எங்க தெருக்காரங்களை வச்சு குறும்படம் எடுக்கறவ, அந்த அனுபவத்துல இருந்துதான் பதில் சொல்றேன்.

அக்கா, நாங்க ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர் சேர்ந்து 12 நிமிஷத்துல ஒரு காமெடி குறும்படம் எடுத்தோம். ஷூட்டிங் ஸ்பாட்ல விழுந்து விழுந்து சிரிச்சோம். எடிட் பண்ணி கிளாஸ்ல போட்டுக் காட்டினா ஒருத்தன்கூட சிரிக்கல, பாதியிலேயே போனை நோண்ட ஆரம்பிச்சுட்டாங்க. எங்க தப்பு பண்ணோம்? – கல்லூரி மாணவர், கரூர்

தம்பி, நீங்க அனுப்பின லிங்க்ல படத்தை ரெண்டு தடவை பார்த்தேன். மூணு மாச வாடகை பாக்கி, ஹவுஸ் ஓனர் கதவைத் தட்டறார், உள்ள நாலு பேரும் ஒளிஞ்சுக்கறாங்க. நல்ல கரு. ஆனா பீரோவுக்குப் பின்னாடி ஒளியற பையன் ஒளியும்போதே இளிக்கறான், கட்டிலுக்கு அடியில போறவன் கேமராவை ஒரு பார்வை பார்த்துட்டுப் போறான். அவங்களுக்கே பயம் இல்லைன்னா எனக்கு எதுக்கு பயம் வரணும், பயம் வரலைன்னா சிரிப்பும் வராது. ஸ்பாட்ல உங்களுக்கு சிரிப்பு வந்ததுக்குக் காரணம் அவன் உங்க ஃப்ரெண்டு, லுங்கியைக் கட்டிக்கிட்டு வந்து நின்னாலே உங்களுக்கு சிரிப்பு. கிளாஸ்ல உக்காந்து பார்க்கறவனுக்கு அவன் வாடகை கட்டாத யாரோ ஒரு பையன், அவ்வளவுதான். அந்தப் பையனுக்கு இன்னைக்கு மாட்டினா பெட்டி படுக்கை தெருவுக்கு வந்துடும்ங்கற நிலைமை, அவனுக்கு அது சாவா வாழ்வா பிரச்சனை, அதை அவன் அப்படியே நம்பி நடிக்கணும். நான் எல்லார்கிட்டயும் சொல்றது இது ஒண்ணுதான்: படத்துக்குள்ள இருக்கறவனுக்குத் தான் காமெடி படத்துல இருக்கோம்னு தெரியக்கூடாது.

மௌனப் படக் காலத்துல பஸ்டர் கீட்டன்னு ஒரு நடிகர். சின்ன வயசுலேயே அப்பா அம்மாவோட மேடையில குட்டிக்கரணம் போட்டு விழுந்து எழுந்து நடிச்சவர், தான் சிரிச்சா ஜனங்க கம்மியா சிரிக்கறாங்கன்னு அப்பவே கண்டுபிடிச்சுட்டு கடைசி வரைக்கும் கல்லு மாதிரி மூஞ்சியை வச்சுக்கிட்டே நடிச்சார். 1928ல வந்த அவரோட ஒரு படத்துல புயல்ல ஒரு வீட்டோட முன்பக்கச் சுவர் அப்படியே அவர் மேல சாயும், மாடி ஜன்னல் ஓட்டை சரியா அவர் நிக்கற இடத்துல வர்றதால தப்பிச்சுடுவார். நிஜமாவே கனமான சுவர், நிஜமாவே அவர்தான் நின்னார். அந்த மூஞ்சியில ஒரு இளிப்பு வந்திருந்தா அந்த காட்சியே செத்திருக்கும்.

அடுத்தது, ஆபத்து வருதுன்னு பார்க்கறவனுக்கு முன்னாடியே தெரியணும், மாட்டப்போறவனுக்குத் தெரியக்கூடாது. இதை 1895லேயே, சினிமா பிறந்த காலத்துல, பிரான்ஸ்ல லூமியேர் சகோதரர்கள் எடுத்துட்டாங்க, ஒரு நிமிஷம்கூட ஓடாத படம். தோட்டக்காரர் ஹோஸ்ல செடிக்குத் தண்ணி விடறார், பின்னாடி ஒரு வாண்டு வந்து ஹோஸை மிதிக்கறான், தண்ணி நின்னுடுது, அவர் குழாய் வாயை மூஞ்சிக்கு நேரா வச்சு உத்துப் பார்க்கறார், வாண்டு காலை எடுக்கறான். அவ்வளவுதான் படம். இதுல வாண்டு காலை வைக்கறதை நாம முதல்லயே பார்த்துடறோம், அதனாலதான் அவர் குனியும்போதே சிரிப்பு கிளம்புது. உங்க படத்துல கட்டிலுக்கு அடியில இருக்கறவன் போன் திடீர்னு அடிக்குது, ஓனர் திரும்பறார். அதுக்குப் பதிலா அவன் போனை சைலன்ட்ல போட மறந்துட்டு சார்ஜ்ல சொருகி மேஜை மேல வச்சிருக்கறதை முதல்லயே ஒரு ஷாட் காட்டிடுங்க, அப்புறம் ஓனர் அந்த மேஜைகிட்ட வந்து உக்காரட்டும், ஒண்ணுமே நடக்காட்டியும் ஜனங்க சீட் நுனிக்கு வந்துடுவாங்க.

மூணாவதா ரியாக்‌ஷன். 'காதலிக்க நேரமில்லை'ல நாகேஷ் பாலையாவுக்கு பேய்க்கதை சொல்ற காட்சியை எல்லாருமே பார்த்திருப்போம், 1964ல வந்தது, இன்னைக்கும் போட்டா வீடே சிரிக்குது. நாகேஷ் கதவு கிரீச்சுங்கறதுல இருந்து எல்லா சத்தத்தையும் வாயாலயே குடுக்கறார், அது அபாரம்தான், ஆனா ஒரு தடவை பாலையாவை மட்டும் பார்த்துக்கிட்டே இருந்து பாருங்க. அவ்வளவு பெரிய எஸ்டேட் முதலாளி, மகன் சொல்ற கதைக்குக் கொஞ்சம் கொஞ்சமா நடுங்கி சேர்ல ஒடுங்கறார், நம்ம சிரிப்புல பாதி அவர் மூஞ்சியில இருந்துதான் வருது. உங்க படத்துல யார் பேசறாங்களோ அவங்க மேலேயே கேமரா இருக்கு. ஒவ்வொரு சீனையும் எடுத்து முடிச்சதும் அதே வசனத்தை இன்னொரு தடவை முழுசா பேசச் சொல்லி கேமராவை கேக்கறவர் மேல மட்டும் வச்சு ஓட விடுங்க, எடிட்ல அதுதான் உங்களைக் காப்பாத்தும்.

அப்புறம் நீளம். டைட்டிலும் பைக்ல ஊர் சுத்தற ஷாட்டுமே ரெண்டு நிமிஷம் ஓடுது, எனக்கு மனசு கேக்காமத்தான் சொல்றேன், அதை எடுத்துடுங்க. படம் கதவு தட்டற சத்தத்துல ஆரம்பிக்கட்டும். இந்தக் கதைக்கு ஆறு நிமிஷம் போதும். ஆனா வெட்டறேன்னு சொல்லி ஒவ்வொரு ஜோக் முடிஞ்ச உடனேயே அடுத்த வசனத்தை ஒட்டிடாதீங்க, சிரிக்கறவன் சிரிச்சு முடிக்க ஒரு மூச்சு இடம் விடணும்.

கையில 10,000 ரூபாய் இருக்கு. லென்ஸ் வாங்கலாமா, லைட் வாங்கலாமா, இல்ல கிம்பல் (கேமரா ஆடாம பிடிச்சுக்கற கருவி) வாங்கலாமா? – வாசகர், தருமபுரி

மைக் வாங்குங்க. போன் கேமராவே இப்ப போதும், படம் கொஞ்சம் இருட்டா இருந்தாலும் ஜனங்க பொறுத்துக்குவாங்க, வசனம் கேக்கலைன்னா காமெடி அங்கேயே முடிஞ்சுது. சட்டையில மாட்டற காலர் மைக் ரெண்டு இருந்தா ரெண்டு பேர் பேசற சீன் எதையும் எடுத்துடலாம். மிச்சப் பணத்துல வர்றவங்களுக்கு சாப்பாடு போடுங்க, பிரியாணி வாங்கிக் குடுத்தா அடுத்த வாரமும் கூப்பிட்ட உடனே வருவாங்க, இதை நான் சீரியஸாவே சொல்றேன்.

ஷூட் பண்ணும்போது ஃபேனை நிறுத்துங்க, ஃப்ரிட்ஜை ஆஃப் பண்ணுங்க (ஃப்ரிட்ஜுக்குள்ள வண்டிச் சாவியைப் போட்டு வச்சுட்டா கிளம்பும்போது திரும்ப ஆன் பண்ண மறக்க மாட்டீங்க). ஒவ்வொரு இடத்துலயும் யாரும் பேசாம 30 செகண்ட் வெறும் ரூம் சத்தத்தை ரெக்கார்ட் பண்ணிக்கோங்க, எடிட்ல வசனத்துக்கு நடுவுல ஓட்டை விழற இடத்துல அதைப் போட்டு அடைக்கலாம். மைக் தனியா ரெக்கார்ட் ஆகுதுன்னா ஷாட் ஆரம்பத்துல கையை ஒரு தட்டு தட்டுங்க, அந்தத் தட்டை வச்சுத்தான் சத்தத்தையும் படத்தையும் ஒட்டவைக்க முடியும்.

டியூப் லைட் வெளிச்சத்துல எடுக்கும்போது படத்துல பட்டை பட்டையா ஓடுதுன்னு இன்னும் மூணு பேர் கேட்டிருந்தாங்க. நம்ம ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், அதனால லைட் ஒரு செகண்டுக்கு 100 தடவை மினுக்கும். கேமரா ஆப்ல மேனுவல் போய் செகண்டுக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் 1/50 செகண்ட்னு வச்சா பெரும்பாலும் அது போயிடும்.

நான் பேங்க்ல வேலை பார்க்கறேன், ராத்திரியில நகைச்சுவைக் கதை எழுதறேன். இதுவரைக்கும் ஒன்பது கதை பத்திரிகைகளுக்கு அனுப்பி ஒண்ணுகூட வரல. ஒரு கதையை இதோட அனுப்பியிருக்கேன், சிரிப்பு வருதான்னு மட்டும் சொல்லுங்க மேடம். – வாசகி, திருநெல்வேலி

கதையைப் படிச்சேன்ங்க, உங்களுக்கு நல்லாவே கண்ணு இருக்கு, அதை முதல்ல சொல்லிடறேன். மத்தவங்களுக்காகக் கதைச் சுருக்கம்: ஒரு கிரகப்பிரவேசத்துல பெரியப்பாவோட செருப்பு மாறிப்போகுது, தேய்ஞ்ச செருப்பு போட்டுப் போனவர் கால்ல யாரோட புதுச் செருப்போ வந்துடுது. இதைவிட நல்ல ஆரம்பம் கிடைக்காது. ஆனா அடுத்த பக்கத்துல நீங்க என்ன எழுதியிருக்கீங்கன்னா, 'ஹாஹா, அப்போ பெரியப்பா மூஞ்சியைப் பார்க்கணுமே, ஒரே காமெடிதான் போங்க!!!' அந்த இடத்துல வாசகர் சிரிக்க வேண்டிய சிரிப்பை நீங்களே சிரிச்சு முடிச்சுட்டீங்க. ஆச்சரியக்குறி எல்லாத்தையும் எடுத்துடுங்க, ஹாஹாவை எடுத்துடுங்க, 'வயிறு வலிக்கச் சிரித்தோம்'னு நாலு இடத்துல வருது, அதையும்.

பெரியப்பா யாரு? தாலுகா ஆபீஸ்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர், அடுத்தவன் காசு அஞ்சு பைசா தொடாதவர்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்போ அவருக்கு அந்தப் புதுச் செருப்பு நெருப்பு மாதிரி சுடணும், ராத்திரி தூக்கம் வரக்கூடாது, கிரகப்பிரவேசத்துக்கு வந்த ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் ஏதாவது சாக்கு சொல்லிக்கிட்டு போகணும், போன வீட்டுல எல்லாம் வாசல்ல கழட்டிப் போட்டிருக்கற செருப்பையே பார்க்கணும். 62 வயசுக்காரர் முப்பது வயசுப் பையன் கால்கிட்ட குனியறார், அவன் பதறிப்போய் 'ஐயோ பெரியவரே நீங்க போய்'னு பின்னாடி நகர்றான். நேர்மையான மனுஷன் நேர்மையா இருக்கப் போய்த்தான் மாட்டிக்கிறார், அதுல எனக்கு சிரிப்பும் வரும், அவர் மேல பாசமும் வரும்.

புதுமைப்பித்தனோட 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை மறுபடி எடுத்துப் படிங்க. கடவுள் மெட்ராஸ்ல ஒரு தெரு முனையில பிள்ளை முன்னாடி வந்து நிக்கறார். பிள்ளை ஆச்சரியப்பட்டு மயங்கி விழல, ஓட்டலுக்குக் கூட்டிட்டுப் போய் கூட உக்காந்து காபி குடிக்கறார், அப்புறம் தன்னோட வைத்தியப் பத்திரிகைக்கு சந்தாதாரரா சேர்க்கப் பார்க்கறார். எழுதினவர் ஒரு இடத்துலயும் கண்ணடிக்கல. பிள்ளைக்கு சந்தா முக்கியம், கடவுள் ரெண்டாம்பட்சம், அந்த மனுஷனோட அன்றாடக் கணக்கை ஒழுங்கா எழுதினதுலயே சிரிப்பு வந்துடுது. தேவனோட துப்பறியும் சாம்புவும் அப்படித்தான், எல்லாரும் மண்டுன்னு நினைக்கற ஒரு பேங்க் குமாஸ்தா ஏதோ நினைச்சு ஏதோ பண்ணப்போக கேஸ் தானா முடிஞ்சுடும், ஊரே அவரை மேதைன்னு சொல்லும். நீங்களும் பேங்க்லதானே இருக்கீங்க, கவுண்டருக்கு அந்தப் பக்கம் தினமும் எத்தனை கதை வந்து நிக்குது!

இன்னொரு விஷயம், இது நம்ம மொழியில கிடைக்கற ஒரு வசதி. தமிழ்ல வினைச்சொல் கடைசியில வர்றதால வாசகர் வாக்கியம் முடியற வரைக்கும் காத்துக்கிட்டுத்தான் இருக்கணும், பேச்சு வழக்குல அந்த வினைக்கும் பின்னாடி ஒரு வார்த்தையைத் தள்ளி வைக்கலாம். உங்க வாக்கியம்: 'பெரியப்பா செருப்பு சைஸ் பார்ப்பதற்காகக் குனிந்து ஆசீர்வாதம் வாங்குவது போல நடித்தார்.' காரணத்தை முதல்லயே சொல்லிட்டீங்க. இப்படி மாத்திப் பாருங்க: 'பெரியப்பா அந்தப் பையன் காலடியில பவ்யமாக் குனிஞ்சார், கண்ணாடியை நெத்தியில இருந்து இறக்கினார், உத்துப் பார்த்தார், எட்டா ஒம்பதான்னு.' எந்த வார்த்தையில சிரிப்பு இருக்கோ அதுக்கு அப்புறம் ஒண்ணும் எழுதாதீங்க. எழுதினதை வாய்விட்டுப் படிங்க, வீட்டுல யாராவது கேட்டா இன்னும் நல்லது, எந்த இடத்துல அவங்க மூஞ்சி மாறுதுன்னு பென்சில்ல குறிச்சுக்கோங்க. பத்தாவது கதையா இதையே திருத்தி அனுப்புங்க, நான் காத்துக்கிட்டு இருக்கேன்.

ஃபேமஸான சினிமா பாட்டு, பிஜிஎம் எல்லாம் எடுத்து எங்க படத்துல போடலாமா? பழைய எழுத்தாளர் கதையைப் படமா எடுக்கலாமா? – வாசகர், வேலூர்

பாட்டைப் போடாதீங்க. ஒரு பாட்டுல வரிகளுக்குத் தனி உரிமை, மெட்டுக்குத் தனி, ரெக்கார்டிங்குக்குத் தனி. யூடியூப்ல ஏத்தினா தானாவே கண்டுபிடிச்சு விளம்பரக் காசை உரிமைக்காரருக்குத் திருப்பிடும், இல்ல வீடியோவையே முடக்கிடும், குறும்பட விழாவுக்கு அனுப்பினா முதல் கேள்வியே இசை யாரோடதுங்கறதுதான். யூடியூப்லயே ஆடியோ லைப்ரரின்னு இலவச இசை இருக்கு. அதைவிட உங்க தெருவுல தவில் கத்துக்கற பையனோ கீபோர்டு வாசிக்கற பொண்ணோ இருந்தா அவங்ககிட்ட கேளுங்க, அவங்களுக்கும் பேர் கிடைக்கும். எனக்கு இன்னொரு வருத்தம், டிவில கேட்டுப் பழகின அந்த காமெடி பிஜிஎம்மைப் போட்டா ஜனங்க உங்க சீனை விட்டுட்டு அந்தப் பழைய படத்தை நினைச்சு சிரிக்கறாங்க.

கதை விஷயத்துல நம்ம நாட்டு சட்டப்படி எழுத்தாளர் காலமாகி 60 வருஷம் வரைக்கும் உரிமை குடும்பத்துக்கு இருக்கும். புதுமைப்பித்தன் 1948ல காலமானார், தேவன் 1957ல, ரெண்டு பேர் எழுத்துக்கும் அந்தக் காலம் முடிஞ்சுது. உயிரோட இருக்கறவங்க கதைன்னா ஒரு கடிதம் போட்டுக் கேளுங்க, சின்னப் பசங்க ஆசையா கேக்கறாங்கன்னா சந்தோஷமா சம்மதிக்கறவங்க இருக்காங்க. சம்மதத்தை எழுத்துல வாங்கி வச்சுக்கோங்க.

எங்க டீம்ல ஒரு பொண்ணு நடிக்க வந்தா. ஸ்கிரிப்ட்ல அவ நிறத்தை வச்சும் குண்டா இருக்கறதை வச்சும் ஜோக் எழுதியிருக்காங்க. அவ சிரிச்சுக்கிட்டே சரின்னு சொல்லிட்டா, ஆனா எனக்கு உறுத்துது. சினிமாலயே இதெல்லாம் பண்றாங்களேன்னு மத்தவங்க கேக்கறாங்க. – வாசகி, சேலம்

உங்களுக்கு உறுத்தறது சரிதான்ம்மா, அந்த உறுத்தலை விட்டுடாதீங்க. அவ சிரிச்சுக்கிட்டே சரின்னு சொன்னது அவளுக்கு வேற வழி தெரியாததால இருக்கலாம், தனியா கூப்பிட்டுக் கேளுங்க.

இதுல நான் பண்ணின தப்பையும் சொல்லணும். கொஞ்ச வருஷம் முன்னாடி எடுத்த ஒரு படத்துல ஒருத்தருக்குத் திக்குவாய், அதை வச்சு மூணு நாலு ஜோக். எங்க தெரு மண்டபத்துல போட்டுக் காட்டினோம், கூட்டம் கைதட்டுச்சு. முதல் வரிசையில எங்க தெருப் பையன் ஒருத்தன் உக்காந்திருந்தான், அவனுக்குத் திக்கும், எழுதும்போது எனக்கு அவன் ஞாபகமே வரல. பாதியில எழுந்து போயிட்டான். மறுநாள் அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், 'பரவால்ல டீச்சர்'னு சொல்லி முடிக்க அவனுக்கு ரொம்ப நேரம் ஆச்சு, அந்த நேரம் முழுக்க நான் அங்க நின்னேன். அந்தப் படத்தையே தூக்கிட்டேன், இப்ப எங்கயும் இல்ல.

அதுக்கப்புறம் நான் வச்சிருக்கற கணக்கு, ஒருத்தர் மாத்திக்க முடியாத விஷயத்துல கை வைக்கறதில்ல. நிறம், உடம்பு, பேச்சு, ஜாதி, கண்ணு காது எதுவும். ஆசை, கஞ்சத்தனம், வீம்பு, பொய், தான் பெரிய ஆள்ங்கற நினைப்பு, இதுல எத்தனை வேணா எடுக்கலாம், வத்தவே வத்தாது. 'மைக்கேல் மதன காமராஜன்'ல சாம்பார்ல மீன் விழுந்துடுது, 1990ல வந்த படம், கிரேஸி மோகன் வசனம். அந்தக் காட்சியில யாரோட உடம்பையும் கிண்டல் பண்ணல, சைவ சமையல்காரருக்கு மீன் விழுந்த சாம்பார்ங்கறது உலகம் இடிஞ்ச மாதிரி, அது போதுமா இருக்கு. உங்க டீம்ல அந்தப் பொண்ணுக்கு ஏதாவது ஒண்ணு வேணும்னு எழுதச் சொல்லுங்க, ஒரு கல்யாண வீட்டுல கடைசிப் பந்தியில மிச்சம் இருக்கற ஒரே ஒரு ஜாங்கிரி மாதிரி, அதை அடைய அவ என்ன எல்லாம் பண்றான்னு எழுதட்டும், நிறமே ஞாபகம் வராது.

இதெல்லாம் சினிமாவுக்குப் போக உதவுமா? வேலையை விட்டுடலாமான்னு யோசிக்கறேன். – வாசகர், ஓசூர்

உதவியிருக்கு. கலைஞர் டிவில 'நாளைய இயக்குனர்'னு குறும்படப் போட்டி நிகழ்ச்சி வந்தப்போ அதுல குறும்படம் எடுத்த கார்த்திக் சுப்புராஜ் 2012ல 'பீட்சா' பண்ணார், நலன் குமாரசாமி 2013ல 'சூது கவ்வும்' பண்ணார், பாலாஜி மோகன் தன்னோட காமெடி குறும்படம் 'காதலில் சொதப்புவது எப்படி'யையே 2012ல பெரிய படமா எடுத்தார். ஆனா அதே நிகழ்ச்சியில கலந்துக்கிட்ட எல்லாரும் அங்க போய்ச் சேரல. வேலையை விடாதீங்க. மாசம் ஒரு அஞ்சு நிமிஷப் படம்னு வச்சுக்கிட்டா வருஷத்துக்கு 12 படம், வேலையோட சேர்த்தே பண்ண முடியும், பன்னெண்டாவது படத்தை எனக்கு அனுப்புங்க, அப்போ பேசலாம்.

எங்கப்பா வீட்டுல பேசினா ஊரே சிரிக்கும். கேமரா முன்னாடி நிறுத்தினா பாஸ்போர்ட் போட்டோ மாதிரி விறைச்சுக்கிறார். என்ன பண்றது? – வாசகி, தஞ்சாவூர்

கையில வேலை குடுங்கம்மா. வெங்காயம் உரிக்கச் சொல்லுங்க, கொடியில துணி காயப்போடச் சொல்லுங்க, வெத்தலைக்கு சுண்ணாம்பு தடவட்டும், கை வேலை செய்ய ஆரம்பிச்சா மூஞ்சி தானா இளகிடும். வசனத்தை மனப்பாடம் பண்ண வைக்காதீங்க, இந்த சீன்ல நீங்க பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட ஏணியைத் திருப்பிக் கேக்கணும், அவர் குடுக்க மாட்டேங்கறார், அவ்வளவுதான்ப்பா, உங்க பேச்சுலயே கேளுங்கன்னு விட்டுடுங்க. கேமராவை தூரத்துல வச்சு ஜூம் பண்ணிக்கோங்க, 'ஆக்‌ஷன்'னு கத்தாதீங்க, ரிகர்சல்னு சொல்லும்போதே ரெக்கார்டை ஓட விடுங்க, எடுத்ததை எடிட் பண்றதுக்கு முன்னாடி அவர்கிட்ட காட்டி சம்மதம் கேட்டுக்கோங்க. எங்க தெருவுல இட்லிக்கடை வச்சிருக்கற அம்மா முதல் நாள் வாயே திறக்கல, மாவு கரைக்கச் சொன்னோம், நாலாவது நிமிஷத்துல எங்க ஹீரோவையே அதட்டி 'தள்ளி நில்லு, ஆவி அடிக்குது'ன்னாங்க, அது ஸ்கிரிப்ட்லயே இல்ல, அதைத்தான் படத்துல வச்சோம்.